வராதவர் சம்மதித்தவர்

ஜூன் 19, வியாழன்

முகை ஒருவழியாகத் தூங்கிவிட்டாள். துவைத்த துணி நாற்காலியில் மலையாகக் கிடக்கிறது. கிடக்கட்டும், இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும்.

ஜெயித்துவிட்டேன். ஜெயிப்பதென்றால் பெரிதாக ஒன்றுமில்லை. எதிர்த்து நின்ற விலங்கியல்காரர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். எப்படியோ, இணைந்து ஆளும் குழுவில் ஆசிரியர் தரப்பின் ஐந்தாவது ஆள் நான். புள்ளியியல் துறை உதவிப் பேராசிரியை, ஒன்றரை வயதுக் குழந்தைக்காரி, தகுதிகாண் பருவமே இன்னும் முடிந்ததாக உத்தரவு வராதவள்.

போன தை மாதம் நிர்வாகக் கட்டடத்துக்கு முன்னால் பந்தல் போட்டு உட்கார்ந்தோமே, அதில் கிடைத்தது இந்தக் குழு. இனி ஒரு துறையை மூடுவதென்றாலும் ஓர் ஆசிரியரை நீக்குவதென்றாலும் துணைவேந்தர் அறைக்குள்ளேயே முடித்துக்கொள்ள முடியாது. ஆசிரியர்கள் ஐந்து பேர், அதிகாரிகள் ஐந்து பேர், ஒரே மேசை. சரிபாதியாகப் பிரிந்தால் தீர்மானம் விழுந்துவிடும். வரலாற்றுத் துறை அருமைநாயகம் சார் பதினைந்து வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த விஷயம்.

பக்கத்து வீட்டு மெர்லின் கேசரி கிண்டிக்கொண்டு வந்தாள். தாவரவியலில் தொகுப்பூதிய ஆசிரியை. எட்டு வருஷமாக, ஒவ்வொரு ஜூலைக் கடைசியிலும் “இன்னும் ஒரு வருஷம்” என்று நீட்டிக் கொடுக்கும் வேலை. அவளைப் போல முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள் இங்கே.

“இனிமே எங்க வேல ஒங்க கையிலக்கா.”

“என் கையில எங்க? அஞ்சு கையில.”

“அஞ்சுல ஒண்ணு ஒங்களது. அது போதும் எனக்கு.”

வளாகக் காப்பகத்தை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். எனக்கு நேரமானால் மெர்லின்தான் முகையைத் தூக்கிவருகிறாள். எங்கள் வீட்டுச் சாவி ஒன்று அவளிடமே இருக்கிறது. என் வீட்டுக்காரர் குஜராத்தில் காற்றாலைக் கம்பெனியில் இருப்பவர். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்து குழந்தைக்குத் தன் முகத்தை நினைவுபடுத்திவிட்டுப் போவார். மெர்லின் இல்லாவிட்டால் என் பாடு என்ன ஆகும் என்று யோசிக்கவே பிடிக்காது.

குழந்தையோடு அவளுக்கு ஒரு விளையாட்டு. நெற்றியில் உள்ளங்கையை வைத்து, “பாப்பாவுக்குச் சூடு இருக்கா?” என்பாள். இருவரும் சேர்ந்து “இல்லே!” என்று கத்துவார்கள். இன்றைக்கு என் நெற்றி, குக்கர் மூடி, சாமி படம் எல்லாவற்றுக்கும் கை வைத்து “இல்லே” சொல்லிவிட்டுத்தான் படுத்தாள் முகை.

ஜூன் 27, வெள்ளி

முதல் கூட்டம். நடக்கவில்லை.

நீள மேசை, வெள்ளைத் துணி, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில். அதிகாரிகள் ஏ.சி. பக்கம், நாங்கள் ஜன்னல் பக்கம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் பேசி முடிக்க உட்கார்ந்தது போலிருந்தது. “கலந்து உக்காருவோமே” என்றார் அருமைநாயகம் சார். பதிவாளர் குற்றாலிங்கம் சிரித்தார். “மொதல்ல உக்கார ஆள் வரட்டும் சார்.”

அவர் பக்கம் இரண்டே பேர். பக்கத்துக்கு நாலு பேராவது இருந்தால்தான் கூட்டம். நிதி அலுவலருக்குப் பல்வலியாம். தேர்வுக் கட்டுப்பாட்டாளருக்குச் சென்னையில் வேலையாம். முந்திரி பிஸ்கட் தின்றுவிட்டுக் கலைந்தோம்.

ஜூலை 2, புதன்

இரண்டாவது கூட்டமும் நடக்கவில்லை. இந்த முறை பிஸ்கட் மேரி.

ஜூலை 9, புதன்

துணைவேந்தர் தலையைக் காட்டப்போகிறார் என்றதும் ஐந்து அதிகாரிகளும் பத்து நிமிஷம் முன்னதாகவே வந்து உட்கார்ந்துவிட்டார்கள். பல்வலி, சென்னை எல்லாம் ஆஜர்.

இந்த வராமல் ஏய்க்கும் வேலைக்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று நேற்று மாலை அருமைநாயகம் சார் வீட்டில் கூடிப் பேசினோம். எத்தனை பேர் இருந்தால் கூட்டம் என்பதைக் குறைக்கலாமா, கூடாதா என்று ஆளாளுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான்தான் சொன்னேன்: “வராதவங்க சம்மதிச்சதா வச்சுக்குவோம் சார். காரணம் எதுவானாலும் சரி. அப்பறம் யாரு வராம இருப்பா?” சார் தொடையைத் தட்டினார். “இதாம்மா புள்ளியியல் மூளை!”

இன்று நானே வாசித்தேன். ‘முறையாக அறிவிக்கப்பட்ட கூட்டத்துக்கு, காரணம் எதுவானாலும் சரி, வராத உறுப்பினர், அன்று முன்வைக்கப்படும் தீர்மானங்களுக்குச் சம்மதித்தவராகக் கருதப்படுவார்.’ சண்டை வரும் என்று பயந்து, பதில்களெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “நல்ல யோசனம்மா. அப்படியே எழுதிக்கிடுங்க.” அவ்வளவுதான். பத்துக் கையும் தூக்கியாயிற்று.

வெளியே வந்ததும் எங்கள் ஆட்கள் கைதட்டினார்கள். கேன்டீனில் எல்லோருக்கும் வடை. இந்த ஐந்து வருஷத்தில் இங்கே என் பேச்சுக்கு ஒரு மதிப்பு இருந்தது இன்றைக்குத்தான்.

மெர்லினிடம் சொன்னேன். முகைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே கேட்டாள், “நெசமாவே ஒருத்தருக்கு வர முடியலன்னாக்கா?”

“நம்ம அஞ்சு பேரும் எப்படியாவது வந்துருவோம்.”

“அதுவும் சரிதான்” என்றாள்.

ஜூலை 14, திங்கள்

23-ஆம் தேதிக் கூட்டத்துக்கான பொருள் நிரல் வந்துவிட்டது. மூன்றாவது பொருள்: தொகுப்பூதியப் பணியிடங்கள் அனைத்தையும் ஜூலை 31-ஓடு முடித்துக்கொள்வது. அப்புறம் தேவைப்பட்டால் மணிக்கணக்கில் ஆள் கூப்பிட்டுக்கொள்வார்களாம்.

அருமைநாயகம் சார் ஃபோனில் உற்சாகமாக இருந்தார். “வரட்டும்மா. அஞ்சுக்கு அஞ்சு. தீர்மானம் விழும். இதுக்குத்தான வெயில்ல கெடந்தோம்?”

மெர்லினுக்கு விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தது. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “நான் பயப்படலக்கா. நீங்கள்லாம் இருக்கீங்கள்ல” என்றாள். பயப்படாதவள் காம்பை எல்லாம் பாத்திரத்தில் போட்டு, இலையைக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தாள்.

ஜூலை 16, புதன்

பதிவாளர் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். என்னவோ ஏதோ என்று போனேன். மனுஷர் கனிவாகத்தான் பேசினார். டீ வரவழைத்தார்.

“ஒங்க ஃபைல் என் மேசயிலதாம்மா இருக்கு. போராட்டத்துல உக்காந்தீங்கன்னு ஒரு குறிப்பு எழுதி வச்சிருக்கான் எவனோ. தகுதிகாண் பருவத்துல இருக்கிறவங்களுக்கு அதெல்லாம் தேவையா? நான் பாத்து முடிச்சு விடுறேன். எம் பொண்ணும் ஒங்க வயசுதான்.”

நன்றி சார் என்றேன். வேறென்ன சொல்வது?

எழுந்தபோது வாசல்வரை கூடவே வந்தார். “புதன்கிழமை கூட்டம் நேரம் கழிச்சுத்தான் ஆரம்பிக்கும், சாயங்காலம் அஞ்சு மணி. வி.சி.க்கு அப்பதான் ஒழியுது. கைப்பிள்ளக்காரி நீங்க. பிள்ளைக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லன்னா கஷ்டப்பட்டு வராண்டாம். ஒரு ஃபோன் போட்டாப் போதும்.”

நல்ல மனிதர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த இரண்டு பேச்சும் ஒன்றோடொன்று சம்பந்தப்பட்டவை என்று நினைக்க எனக்கு எந்த ஆதாரமும் இல்லை. தனித்தனி நிகழ்வுகளை இணைத்துப் பார்ப்பதுதான் மாணவர்கள் செய்கிற முதல் தப்பு. வகுப்பில் நானே சொல்லிக்கொடுக்கிறேன்.

மெர்லினிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு என்ன இருக்கிறது?

ஜூலை 18, வெள்ளி

அவர் ஃபோன். “ஆர்டர் வந்துச்சா?” என்று ஆரம்பித்து, “ஆர்டர் வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத” என்று முடித்தார். நடுவில் முகை ஃபோனுக்கும் கை வைத்து “இல்லே” சொன்னாள். “என்ன இல்லயாம்?” என்று சிரித்தார்.

வேலை போனால் முகையைத் தூக்கிக்கொண்டு அந்தக் காற்றாலைக் காட்டுக்குப் போய் உட்கார வேண்டும். எம்.பில்., பிஎச்.டி. எல்லாவற்றையும் சுருட்டி வைத்துவிட்டு. இதையே யோசித்துக்கொண்டு ரசத்தில் உப்பு இரண்டு தடவை போட்டுவிட்டேன்.

ஜூலை 21, திங்கள்

முகைக்குக் காய்ச்சல். காப்பகத்தில் நாலைந்து பிள்ளைகளுக்கு இருக்கிறதாம். உடம்பு அனலாகக் கொதிக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

ராத்திரி முழுக்க மெர்லின் இங்கேதான். தன் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தாள். நம் வீட்டில் இருந்தது உடைந்து மாசக்கணக்காகிறது. ஈரத்துணி போட்டுப் போட்டு எடுத்தோம். விடிகாலையில் நான் சுவரில் சாய்ந்தபடியே உறங்கிவிட்டேன் போலிருக்கிறது. கண் விழித்தபோது குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள், ஏதோ ஒரு கீர்த்தனையை வாய்க்குள்ளேயே பாடியபடி.

டாக்டர் பார்த்தார். சாதாரணக் காய்ச்சல்தான், நாளைக்கு விட்டுவிடும் என்றார்.

சாயங்காலம் அருமைநாயகம் சார் ஃபோன். “நாளைக்கு வந்துருவீங்கள்லம்மா? ஒரு மணி நேரம்தான். முடியலன்னா பாப்பாவையும் தூக்கிட்டு வாங்க, என் வீட்டம்மாவ வாசல்ல உக்காரச் சொல்றேன்.”

வருகிறேன் என்றேன்.

ஜூலை 23, புதன், காலை

வேர்த்துக் காய்ச்சல் விட்டிருக்கிறது. 98.4. இட்லியைப் பிய்த்துச் சுவரில் எறிகிறாள். அப்பாடா.

ஜூலை 23, இரவு

குழந்தைக்குக் காய்ச்சல். கூட்டத்துக்குப் போக முடியவில்லை.

மூன்றரை மணிக்கு மறுபடி உடம்பு சுடுவது போலிருந்தது. குழந்தைகளுக்கு இப்படித்தான், விட்டதாகத் தோன்றும், திரும்ப வரும். எந்தத் தாயைக் கேட்டாலும் சொல்வாள். பதிவாளர் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுச் சொன்னேன். அங்கிருந்த பெண் காரணம்கூடக் கேட்கவில்லை. “சரிங்க மேடம், எழுதிக்கிட்டோம்” என்றாள்.

நாலரைக்கு மெர்லின் வந்தாள். நல்ல சேலை கட்டியிருந்தாள். கூட்டம் முடிகிறவரை நிர்வாகக் கட்டட வாசலில் மற்றவர்களோடு நிற்கப்போகிறவள், எனக்காக வந்திருந்தாள்.

“நான் பாப்பாவப் பாத்துக்கிடுதேன். நீங்க கெளம்புங்கக்கா, ஆட்டோ நிக்கி.”

“திரும்பக் காய்ச்ச வந்துருச்சு மெர்லின்.”

“அய்யோ. எவ்ளோ இருக்கு?”

“நூறுக்கு மேல.”

“மருந்து குடுத்தீங்களா?”

“ம்.”

“எங்கிட்ட இருக்கட்டுமே. நேத்தெல்லாம் எங்கிட்டதான கெடந்தா. ஒரு மணி நேரம்தானக்கா.”

“யார்ட்டயும் போக மாட்டேங்குறா. என்னைய விட்டா அழுது தீத்துருவா.”

முகை அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டிக்கொண்டிருந்தாள். நான் இடுப்பை மாற்றி வைத்துக்கொண்டேன். மெர்லின் கிட்டே வந்து, பழக்கதோஷத்தில் அவள் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். கேள்வி ஒன்றும் கேட்கவில்லை. முகைதான் “இல்லே!” என்று கத்திச் சிரித்தாள். அவளுக்குத் தெரிந்த ஏழெட்டு வார்த்தையில் அது ஒன்று; எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொல்வாள்.

மெர்லின் கையை எடுக்கச் சற்று நேரமானது.

“பாத்துக்கோங்கக்கா” என்று சொல்லிவிட்டுப் போனாள். ஆட்டோ சத்தம் தெரு முனை திரும்பும்வரை கேட்டது.

தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கவில்லை. குழந்தை அடங்கி இருந்தால்தானே வைப்பதற்கு. தாயின் கைக்குத் தெரியாதா?

தீர்மானம் நிறைவேறிவிட்டதாம். எதிர்த்து நாலு. ஆதரித்து ஆறு. அந்த ஆறில் ஒன்று நான்.

ஜூலை 24, வியாழன்

துறையில் எல்லோரும் குழந்தையைப் பற்றித்தான் கேட்டார்கள். “பாப்பாவுக்குத் தேவலயா மேடம்?” ஒருவர் விடாமல் எல்லோரும். வணிகவியல் பொன்னுத்துரை மட்டும் படிக்கட்டில் நின்றபடி, “வைரஸ் காய்ச்சலா மேடம்? பதிவாளர் ஆபீஸ் பக்கந்தான் இப்ப ஜாஸ்தியாப் பரவுதாம்” என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். எதற்குச் சிரித்தேன் என்று தெரியவில்லை.

பருவ இடைத்தேர்வுத் தாள்கள் திருத்தினேன். ஒரே தாளை இரண்டு முறை திருத்தியிருக்கிறேன், வேறு வேறு மதிப்பெண்.

ஜூலை 26, சனி

அருமைநாயகம் சாரைப் பார்க்கப் போனேன். திட்டுவார் என்று தயாராகப் போனேன். திட்டியிருக்கலாம்.

“காய்ச்ச விட்டுருச்சா?” என்றார்.

“விட்டுருச்சு சார்.”

“அது போதும்.” கொஞ்ச நேரம் மேசை மேலிருந்த பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார். “மறு ஓட்டு கேக்கலாம்னு பாத்தேன். குற்றாலிங்கம் நம்ம விதியவே எடுத்துக் காட்டுதான். ‘காரணம் எதுவானாலும் சரின்னு சொன்னது ஒங்க ஆளுதான சார்’ங்கான். என்ன சொல்ல? அவன் எழுதியிருந்தா கிழிச்சுப் போடுன்னு தெருவுல எறங்கலாம். நாமதான எழுதுனோம், செண்பகா.”

பதினைந்து வருஷத்தில் அவர் என்னை ‘அம்மா’ போடாமல் பெயர் சொல்லி அழைத்தது இதுதான் முதல் தடவை. இல்லை, நான் இங்கே வந்தே ஐந்து வருஷம்தான் ஆகிறது. என்ன எழுதுகிறேன் நான்.

அடுத்த கூட்டத்தில் அந்த விதியை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கப் போகிறாராம். “வருவீங்களா?” என்று கேட்டார். கேட்டாரே.

ஜூலை 31, வியாழன்

மெர்லின் சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டாள். நாசரேத்தில் அக்கா வீட்டுக்குப் போகிறாள். ஒரு தனியார் பள்ளியில் கேட்டுவைத்திருக்கிறாளாம். எட்டாம் வகுப்புக்கு அறிவியல்.

கடைசியாகச் சாவியைக் கொடுக்க வந்தாள். உள்ளே வரவில்லை.

“பீர்க்கங்காய நல்லா மசிச்சுக் குடுத்தா சாப்புடுதாக்கா. பருப்பு கலக்காதீங்க, துப்பிருவா.”

“மெர்லின், அன்னைக்கு உண்மையிலேயே...”

“தெரியும்க்கா” என்று உடனே சொல்லிவிட்டாள்.

தெர்மாமீட்டரை எடுத்து நீட்டினேன். “ஒங்ககிட்டயே இருக்கட்டும். பிள்ள இருக்க வீடு” என்றாள்.

முகை தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். அப்போதுதான் அவள் முகம் கொஞ்சம் கோணியது. வண்டிக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 4, திங்கள்

உத்தரவு வந்துவிட்டது. தகுதிகாண் பருவத்தைத் திருப்திகரமாக முடித்துவிட்டேனாம். அவருக்கு ஃபோன் போட்டேன். சந்தோஷத்தில் பக்கத்திலிருந்தவர்களிடமெல்லாம் இந்தியில் சொன்னார்.

காப்பகத்துக்கு ஐந்துக்குள் ஓட வேண்டியிருப்பதால் கடைசி வகுப்பைப் பாதியில் விடுகிறேன்.

ஆகஸ்ட் 6, புதன்

கூட்டம். முகையைத் தூக்கிக்கொண்டே போனேன். சாரின் வீட்டம்மா வாசலில் வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே கேட்கிற அளவுக்கு அழுதாள். பரவாயில்லை. அழட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு முடியாதது இன்றைக்கு முடிந்தது.

விதியை நீக்கும் தீர்மானத்தை அருமைநாயகம் சார் வாசித்தார். முதல் கை நான்தான் தூக்கினேன். எல்லோருக்கும் முன்னால், நன்றாக மேலே. எங்கள் பக்கம் ஐந்து கை. அந்தப் பக்கம் ஐந்து பேரும் கையை மேசைமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

ஐந்துக்கு ஐந்து. சரிபாதி. தீர்மானம் விழுந்துவிட்டது.

“நல்ல விதி சார் அது. எதுக்கு எடுக்கணும்? எல்லாரும் ஒழுங்கா வாறாங்கள்ல” என்றார் பதிவாளர். பிறகு, குழுவுக்கு ஒரு செயலாளர் வேண்டும், இளையவராக, இரு தரப்பையும் அனுசரித்துப் போகிறவராக இருந்தால் நல்லது என்று சொல்லி என் பெயரை முன்மொழிந்தார். யாரும் ஆட்சேபிக்கவில்லை. அருமைநாயகம் சார் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் ‘ஒருமனதாக’ என்று சொல்லிவிட்டார்கள். வாயைத் திறந்தேனா என்பதுகூட இப்போது நிச்சயமாக நினைவில்லை.

இந்த முறை முந்திரி பிஸ்கட். எங்கள் பக்கம்தான் தட்டை நகர்த்தினார்கள்.

ஆகஸ்ட் 9, சனி

பக்கத்து வீட்டுக்கு இன்னும் ஆள் வரவில்லை. முகை தினமும் சாயங்காலம் அந்தக் கதவைப் போய்த் தட்டுகிறாள். இன்றைக்குத் தட்டிவிட்டு, அங்கேயே படியில் உட்கார்ந்துகொண்டாள். தூக்கிவந்தேன், திமிறினாள்.

பீர்க்கங்காய் மசித்துக் கொடுத்தேன். சாப்பிட்டாள்.

படுக்க வைத்தபோது என் தலை பாரமாக இருந்தது. கண்ணெல்லாம் எரிச்சல். மூன்று நாளாகத் தூக்கமில்லை. எனக்குத்தான் காய்ச்சல் வருகிறது போலிருக்கிறது, வரட்டும், நன்றாக வந்து நாலு நாள் படுக்கப் போடட்டும் என்று தோன்றியது. அப்படியொரு ஆசை. கண்ணை மூடிக்கொண்டு அவள் பக்கத்தில் சாய்ந்தேன்.

முகை எழுந்து உட்கார்ந்தாள். ஈரக்கையை என் நெற்றியில் வைத்தாள். மெர்லின் வைப்பது போலவே, விரல்களை விரித்து, கொஞ்ச நேரம் எடுக்காமல்.

“இல்லே” என்றாள்.